ஐந்தில் இரண்டு

பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் என்ன வரும் என்று ஒருநாள் வகுப்பில் கேட்டேன். கடைசி வரிசையில் இருந்த, வகுப்பில் பெரும்பாலும் வாயே திறக்காத ஒரு மாணவி, "ஐந்தில் இரண்டு" என்றாள். மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி 2, கீழே உள்ள இரண்டையும் மூன்றையும் கூட்டி 5. பின்னம் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் நூறு முறை பார்த்திருக்கக்கூடிய தவறு அது. "தப்பு, வேறு யார் சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, எப்போதும் கையைத் தூக்கும் முன்வரிசை மாணவனிடம் சரியான விடையை வாங்கிக்கொண்டு, பொதுப் பகுதி காணும் முறையைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் மறுபடி எந்தக் கேள்விக்கும் தானாகப் பதில் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத்தான் அந்த விடையை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒருவர் பந்தை இரண்டு முறை எறிந்ததில் ஒரு முறை குறி தப்பாமல் விழுகிறது. பிறகு மூன்று முறை எறிந்ததில் ஒரு முறை விழுகிறது. மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டு. ஆக, அவள் சொன்னது சரியான விடைதான். நான் கேட்ட கேள்விக்கு உரிய விடையாக இல்லை, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் தோண்டினால், நேர் எண்களாலான வெவ்வேறு மதிப்புள்ள எந்த இரு பின்னங்களை இப்படிச் சேர்த்தாலும் கிடைப்பது அவ்விரண்டுக்கும் இடையில்தான் விழும் என்ற அழகான உண்மை தட்டுப்படும். அதெல்லாம் வேண்டாம், "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைவாக வருகிறதே, எப்படி?" என்று மட்டும் கேட்டிருந்தாலே வகுப்பு முழுவதும் சேர்ந்து அந்தச் சிக்கலைத் தானே அவிழ்த்திருக்கும். ஒரு மணி நேரப் பாடத்துக்கான பொருளை அவள் என் கையில் கொடுத்தாள். நான் அதை மூன்று எழுத்தில் முடித்துவிட்டேன்.

அறிவியலும் கணிதமும் எல்லோருக்கும் உரியவையாக வேண்டும் என்று பேசும்போது ஆய்வகம், உதவித்தொகை, கருவிகள் என்று பேச்சு விரிகிறது. அவை வேண்டியவைதான். ஆனால், இவையெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் ஒரு மாணவரை வெளியே நிறுத்திவிடச் சில நொடிகள் போதும் என்பதை அந்த மாணவியிடமிருந்துதான் கற்றேன்.

நொடிகள் என்று சொல்வதில் மிகையில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர், அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வுகளை 1970களில் வெளியிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது, அதுவரை பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு நொடிக்குள் பதில் வேண்டுமென்றால், முன்பே தெரிந்தவர்தான் சொல்ல முடியும். யோசிக்க வேண்டியவர் வாயைத் திறப்பதற்குள் கேள்வி கைமாறிப்போகும். நாம் அதைப் பார்த்து, இவன் கெட்டிக்காரன், இவள் மந்தம் என்று மனத்துக்குள் பெயர் சூட்டிவிடுகிறோம்.

இது நீண்ட நாள் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தடயம் உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4807 குழந்தைகளிடம் அறிவியலாளர் ஒருவரை வரையச் சொல்லி, முடிவை 1983இல் வெளியிட்டார். பெண் அறிவியலாளரை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். பின்னர் அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் வெளிவந்த கட்டுரையில் நிலைமை எவ்வளவோ மேம்பட்டிருந்தது. ஆனாலும், வளர வளரக் குழந்தைகள் ஆண்களையே கூடுதலாக வரைந்தார்கள். பெண் அறிவியலாளர்களின் படங்களைச் சுவரில் மாட்டுவது நல்லதுதான். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சிறுமியிடம் கேள்வி போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

என் வகுப்பில் ஓராண்டு பார்வையற்ற மாணவர் ஒருவர் படித்தார். கரும்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, "இதையும் இதையும் பெருக்கி இங்கே போட்டால் அது இப்படி ஆகிவிடும்" என்று நான் சரளமாகச் சொல்லிக்கொண்டு போனேன். "எதையும் எதையும், சார்?" என்றார் அவர். வகுப்பு சிரித்தது, எனக்கு வியர்த்தது. அன்று தொடங்கி, எழுதும் ஒவ்வொன்றையும் வாயால் சொல்லவும் பழகினேன். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. "ஒன்று பை எக்ஸ் பிளஸ் இரண்டு" என்று வழக்கம்போலச் சொன்னால், இரண்டு என்பது கோட்டுக்குக் கீழே இருக்கிறதா, தனியாகப் பக்கத்தில் இருக்கிறதா என்று காதால் கேட்பவருக்குத் தெரிய வழியில்லை. "எக்ஸுடன் இரண்டைக் கூட்டி, வந்த தொகையால் ஒன்றை வகுக்க" என்று வேற்றுமை உருபுகளைச் சரியாகப் போட்டுத் தமிழில் சொன்னால் குழப்பமே இல்லை. அவருக்காகச் செய்த இந்த மாற்றத்தால், அடைப்புக்குறியை விட்டுவிட்டு மதிப்பெண்ணை இழந்துகொண்டிருந்த பார்வையுள்ள மாணவர்கள் பலர் தேறினார்கள்.

பிறவியிலேயே பார்வையற்றவரான ஆபிரகாம் நெமெத் கணிதம் படிக்க விரும்பியபோது, அது அவருக்கு ஒத்துவராது என்று சொல்லி உளவியல் பக்கம் திருப்பிவிட்டார்கள். அவரும் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். ஆனாலும் கணிதத்தை விடவில்லை, பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். கணிதக் குறியீடுகளைப் பிரெய்லில் எழுதுவதற்குத் தமக்காக அவர் வகுத்துக்கொண்ட முறை 1952இல் வெளியானது. அதற்குப் பிறகு எத்தனையோ மாணவர்கள் அதன் வழியாகவே கணிதம் படித்தார்கள். அவரைத் திருப்பிவிட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். பாவம், கஷ்டப்படுவானே என்ற இரக்கம்தான் காரணமாக இருந்திருக்கும்.

இந்த இரக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். மதிப்பெண் குறைந்தவர்களைத் தனியாகப் பிரித்து, எளிய கணக்குகளையே திரும்பத் திரும்பப் போடவைக்கும் மாலை வகுப்பை நானும் சில ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பின்தங்கியபோது, ஆர்வக் குறைவு, குடும்பச் சூழல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கணிதக் கல்வியாளர் யூரி டிரைஸ்மன் 1970களில் அவர்களோடும் நன்றாகத் தேறிவந்த சீன வம்சாவளி மாணவர்களோடும் மாதக்கணக்கில் உடனிருந்து, எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். கறுப்பின மாணவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தி, தகராறு செய்து படித்தார்கள். அதன்பின் டிரைஸ்மன் நடத்திய பட்டறைகளில் எளிய பயிற்சிக்கு இடமில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் போடவைத்தார். அவற்றில் சேர்ந்த மாணவர்களின் தேர்ச்சி கண்கூடாக உயர்ந்தது.

இதைப் படித்த பிறகு என் மாலை வகுப்பை மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரே கணக்கு, நான்கு பேருக்கு ஒரு தாள், ஒரு பேனா. முதல் வாரம் சந்தைக்கடைபோல இருந்தது. ஒருவர் எழுத, மற்ற மூவர் வேடிக்கை பார்த்தார்கள். பேனா பிடிப்பவர் தாமாக எதையும் எழுதக்கூடாது, மற்றவர் சொல்வதையே எழுத வேண்டும் என்று விதி வைத்த பிறகு ஓரளவு சீர்ப்பட்டது.

ஒரு விஷயத்தில் இன்னும் தேறவில்லை. மாதத்துக்கு ஒருமுறை என் வகுப்பைக் கைபேசியில் பதிவுசெய்து கேட்கிறேன். காலையில் கேட்கும் கேள்விகளுக்கு மூன்று நொடி, சில வேளை நான்கு நொடிகூடக் காத்திருக்கிறேன். பாடம் முடியாமல் இழுத்துக்கொண்டு போகும் கடைசி மணி நேரத்தில் அது மறுபடி ஒரு நொடிக்கு இறங்கிவிடுகிறது. போன மாதப் பதிவில், யாரோ ஒருவர் "சார், அது..." என்று ஆரம்பிப்பதும், அதன்மேல் என் குரல் விழுவதும் தெளிவாகக் கேட்கிறது. அது யார் குரல் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.