அத்தை வீட்டு இருட்டு: ஆறு மாதக் கணக்கு

கும்பகோணத்தில் அத்தை வீட்டில் பகல் பதினொரு மணிக்கு அரிசியில் கல் பொறுக்க வேண்டுமென்றால், முறத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு வர வேண்டும். கூடத்தில் உட்கார்ந்தால் கல்லும் தெரியாது, அரிசியும் தெரியாது. பதினாறு அடி அகலம், தொண்ணூறு அடி நீளம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. திண்ணை, ரேழி என்கிற நடைவழி, கூடம், அதை ஒட்டி காமரா உள் என்கிற ஓர் அறை, முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில்பெட்டி கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

அங்கே இருப்பது அத்தை ஒருவர்தான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்திரண்டு வயது. போன மார்கழியில் ரேழிப் படி தெரியாமல் இடறி விழுந்தார். பெரிய அடி இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் ஃபோனில் கூடி, வீட்டை விற்றுவிடலாம் என்கிற வரைக்கும் போய்விட்டார்கள். நான் வாய் துடுக்காக, "ஒரு லட்சத்து முப்பதாயிரம் கொடுங்க, வெளிச்சமாக்கித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

தை

இருட்டு என்றால் விளக்கு. அப்படித்தான் ஆரம்பித்தேன். 6500 கெல்வின் என்று போட்டிருந்த எல்இடி டியூப் லைட் எட்டு வாங்கிக் கூடத்திலும் ரேழியிலும் மாட்டினேன். அன்று ராத்திரி கூடம் ரேஷன் கடை மாதிரி இருந்தது. அத்தை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, "சாம்பார் ஏன்டி இப்படி நீலம் பூத்த மாதிரி இருக்கு?" என்றார். பகலில் இன்னும் மோசம். வாசலிலிருந்து உள்ளே வந்தால் கண் கூசுகிறது, ஆனால் மூலைகள் அப்படியே கறுப்பாக நிற்கின்றன.

செல்ஃபோனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்று போட்டுப் பார்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு, காலை பதினொரு மணிக்குக் கூடத்து நடுவில் 9 லக்ஸ். திண்ணை நிழலில் இரண்டாயிரத்துக்கும் மேல். ஃபோன் கணக்கு துல்லியம் கிடையாது, தெரியும். ஆனாலும் இருபதடி தள்ளி அவ்வளவு வெளிச்சம் சும்மா கிடக்கிறது, நான் கடையில் போய் விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

விளக்கு மாட்டியதில் ஒரே ஒரு நன்மை. எலக்ட்ரீஷியன் பழைய வயர் ஓடும் மரப்பட்டியைத் திறந்தபோது, உள்ளே வயர் மேலிருந்த ரப்பர் விபூதி மாதிரி உதிர்ந்தது. எர்த் என்று ஒன்றே இல்லை. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் வயரிங். வீடு முழுக்கப் புது வயர், எர்த் குழி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் ஆர்சிசிபி ஒன்று, கடைசியில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்குகள் கொஞ்சம். 36,000 ரூபாய். வேலை ஆரம்பிக்கும் முன்பே கால்வாசிக்கு மேல் காலி. வயிறு எரிந்தது, ஆனால் பழைய வீட்டில் கைவைப்பவர்கள் மிச்சம்பிடிக்கக் கூடாத இடம் இது. டியூப் லைட்டுகளில் நான்கு கொல்லைக்குப் போயின, நான்கை அண்ணன் தலையில் கட்டினேன்.

மாசி

முற்றத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்தே அது அப்படித்தான் என்பதால் அது முற்றம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. துணி காயப்போடும் இடம், அவ்வளவுதான்.

"எடுத்துடலாமா?" என்று கேட்டதற்கு அத்தை உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் சொன்னார். ஒரு ஐப்பசி மழையில் பாட்டி முற்றத்துப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அடுத்த வாரமே தாத்தா ஆள் வைத்து மூடிவிட்டார். "குரங்கு வேற. அடுக்களையில இட்லிப் பானையைத் தொறந்து எடுத்துட்டுப் போகும்."

அதாவது இந்த வீட்டு இருட்டை யாரும் சும்மா உண்டாக்கவில்லை. ஒரு தொல்லைக்கு மருந்தாகப் போட்டது. மூடியை எடுத்தால் அந்தத் தொல்லை திரும்ப வரும், அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் எதில் கைவைப்பதற்கு முன்னாலும், இது ஏன் இப்படி ஆச்சு என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன்.

ஆஸ்பெஸ்டாஸை உடைத்துக் கழற்றக் கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஷீட்டைத் தண்ணீர் விட்டு நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி முழுசு முழுசாக இறக்கச் சொன்னேன். வந்த ஆட்கள் சிரித்தார்கள். முகக்கவசத்தை அரை மணிக்கொரு தரம் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே நின்று அரற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஷீட் இறங்கியபோது மணி பத்தரை இருக்கும். முற்றத்து நடுவில் சாய்சதுரமாக வெயில் விழுந்தது. அத்தை அடுக்களை வாசற்படியில் நின்றபடி அதைப் பார்த்தார். அப்புறம் உள்ளே போய் வடாம் டப்பாவைக் கொண்டுவந்து, நமுத்துப்போன வடாத்தையெல்லாம் வெயிலில் கொட்டினார்.

மேலே பழைய இரும்புக் கம்பிகள் அப்படியே இருந்தன. துருவைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு பூசி, குரங்குக்காக அதன் மேல் கனமான வலை. அதற்கு ஒன்றரை அடி உயரத்தில் சட்டம் பற்றவைத்து பாலிகார்பனேட் ஷீட். இடைவெளி முக்கியம், சூடான காற்று அது வழியாகத்தான் வெளியே போகும். இங்கேதான் ஒரு தப்பு செய்தேன். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் ஷீட்டை முதலில் வாங்கினேன். இரண்டே நாளில் மத்தியானம் முற்றத்தைத் தாண்டிப் போக முடியவில்லை, வறுத்தெடுத்தது. நல்லவேளை, கடைக்காரர் நூறு திட்டு திட்டிவிட்டு, பால் வெள்ளை ஷீட்டாக மாற்றிக் கொடுத்தார். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் கூடம் முழுக்கச் சீராகப் பரவியது.

வழுக்கலுக்கு வழி அத்தையே சொன்னார். அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு முற்றத்துக் கருங்கல்லை முழுவதும் கொத்திவிட்டோம். இரண்டு நாள் டக் டக் என்று உளிச் சத்தம். இப்போது ஈரக்காலோடு நடந்தாலும் பிடிக்கிறது. எல்லாம் சேர்த்து 41,000.

அதே மாதம் ஓட்டிலும் கைவைத்தோம். கூடத்து மேல் மங்களூர் ஓடு. ஆறு ஓட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓடு போடலாம் என்று திட்டம். மங்களூர் ஓடு என்றால் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்திருந்தேன். 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை ஆரம்பித்தார்கள், அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள், ஆளாளுக்கு ஒரு அச்சு. பள்ளமும் வரம்பும் ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசப்படும். நான் வாங்கிய ஆறில் இரண்டு உட்காரவே இல்லை. பழைய ஓடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்க வேண்டும். இரண்டாம் தடவை அப்படித்தான் போனேன். நொறுங்கிய ஓடு, செல்லரித்த ரீப்பர் கட்டை மாற்றியது எல்லாம் சேர்த்து 14,200.

பங்குனி

இந்த மாதம் முழுக்கச் சுவர்தான். உடம்பில் இன்னும் சுண்ணாம்பு வாசம் போகவில்லை.

கூடத்தில் இடுப்பளவு உயரத்துக்குக் கரும்பச்சை எனாமல், அதற்கு மேல் அழுக்கு மஞ்சள். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எண்பது சதவீதம் போலத் திருப்பித் தரும். கரும்பச்சை அதில் பத்து, பதினைந்து தந்தால் அதிகம். சரி, ஏன் பச்சை? "எண்ணெய்த் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சு எல்லாச் சுவத்துலயும் கறை. வேலைக்குச் சேந்த வருஷம் என் சம்பளத்துல நான்தான் அடிக்கச் சொன்னேன். தொடைச்சா போயிடும்ல." அதைச் சுரண்டப் போகிறேன் என்று அவரிடமே சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

சுரண்டியில் பச்சை பொருக்குப் பொருக்காக வந்தது. அதற்கடியில் வெளிர்நீலம், அதற்கடியில் காவி, அதற்கடியில் சுண்ணாம்பு. அடுக்களை நிலைக்குப் பக்கத்தில் காவி அடுக்கின் மேல் கரிக்கோடுகள் வந்தன. நாலு கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நாலு. பாட்டியின் பால் கணக்கு. முழங்கை நீளத்துக்கு அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல் விட்டுவிட்டோம். அத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "மாசம் முடியறதுக்குள்ள அடிச்சுட்டாங்க போல, இருபத்திமூணுதான் இருக்கு" என்றார்.

எங்கள் மேஸ்திரி வயதானவர், வேலை மெதுவு, கை சுத்தம். சுவரின் அடிப்பகுதியில் மூன்றடிக்கு யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். உப்பு பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது சிமெண்ட் பூசிய இடத்தில் இல்லை, அதற்கு மேலே. "சுவத்துக்கு வேர்வை வெளிய போவணும்மா. நீங்க ரெயின்கோட் மாட்டி விட்டிருக்கீங்க. அது மேல ஏறிப் போயி கழுத்து வழியா வருது." தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. மொத்தத்தையும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார். சிமெண்ட் மாதிரி அவசரம் நடக்காது. ஒரு பூச்சு இறுகும்வரை நனைத்து நனைத்துக் காத்திருக்க வேண்டும்.

வெள்ளையடிப்பது மட்டும் என் வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் பொங்கிக் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் போச்சு. எட்ட நின்றேன், கண்ணாடி போட்டுக்கொண்டேன். ஊறியதைத் துணியில் வடிகட்டி, வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி, ஒரு சிட்டிகை நீலம். இதெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, அடிக்கும்போது கோட்டை விட்டேன். பெயிண்ட் மாதிரி கெட்டியாக அடித்தேன். அடித்ததும் சுவர் தெரிகிறதே என்று மேலே இன்னொரு கை. மறுநாள் காலையில் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. மேஸ்திரி வந்து விரலால் தட்டினார், கொட்டியது. மோர் மாதிரி நீர்க்க இருக்க வேண்டும், சுவரை முதலில் நனைக்க வேண்டும், ஈரத்தில் ஒன்றும் தெரியாது, காய்ந்தால்தான் வெள்ளை ஏறும். அடுத்தடுத்து மூன்று கை. 38,500, அதில் பெரும்பகுதி கூலி.

வெள்ளைச் சுவரில் சாய்ந்தால் முதுகில் ஒட்டும், எண்ணெய்க் கறை படும். அத்தை வழக்கமாகச் சாயும் இடங்கள் மூன்று. அந்த மூன்றிலும் முதுகு உயரத்துக்குக் கோரைப்பாயை வெட்டி ஓரம் தைத்துத் தொங்கவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

சித்திரை

கண்ணாடி ஓட்டைக் கூடத்தின் வடக்குச் சரிவில் போட்டிருந்தேன். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் நேர் வெயில் இருக்காது என்று வீடியோக்களில் சொன்னார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்குச் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயிலே கொஞ்சம் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. மாசியில் வெளுத்த ரேகையாக வந்த வெயில், சித்திரையில் ஆறு நெருப்புத் துண்டாகத் தரையில் விழுந்தது. ஒன்று சரியாக அத்தையின் நாற்காலி மேல்.

பாலிகார்பனேட், ஃபிலிம் என்று நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது, அத்தை பீரோவிலிருந்து தாத்தாவின் பழைய மல் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கைமரத்தின் கீழ் நாலு ஆணி, நூல் கட்டி வேட்டியை விறைப்பாக இழுத்தோம். வெயில் அதில் பட்டு, பரவி, மங்கிய வெளிச்சமாக இறங்கியது. செலவு ஆணிக்கு மட்டும்.

ஆனி

தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்ததும் அடியில் சிவப்பு ஆக்ஸைடு தரை. வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். அத்தை காலை வைத்ததும் வழுக்கிச் சுவரைப் பிடித்தார். உயிரே போய்விட்டது எனக்கு. உலர்ந்த துணியால் நாலு தரம் அழுந்தத் துடைத்து எடுத்த பிறகுதான் அவரை நடக்க விட்டேன்.

பரணில் தேக்குச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. ரசம் போன கண்ணாடி வீட்டில் ஆகாது என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றதால் உள்கண்ணாடியை மட்டும் மாற்றினோம். முற்றத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் வெளிச்சம் திரும்பி ரேழிப் படி வரைக்கும் போகிறது. அவர் விழுந்த அதே படி. ஒரு பவானி ஜமுக்காளம், தேய்த்து வைத்த பித்தளை அண்டாவில் குரோட்டன் செடி, அவ்வளவுதான் அலங்காரம். இதர செலவு, வீண்போன டியூப் லைட் உட்பட, 9,800.

மொத்தம் 1,39,500. ஒன்பதாயிரத்து ஐந்நூறு அதிகம். பரணில் இருந்த இரும்புக் கட்டில், பழைய பேப்பர், ஓட்டை அண்டா குண்டான்கள் எல்லாம் எடைக்குப் போட்டதில் 6,300 வந்தது. மீதி 3,200 என் கையை விட்டுப் போனது, யாரிடமும் கேட்கவில்லை.

கூடத்து நடுவில் இப்போது பதினொரு மணிக்கு 130 லக்ஸ். அத்தை அங்கேயே முறத்தோடு உட்காருகிறார். வெளிச்சம் வந்ததில் ஒட்டடை எல்லாம் தெரிகிறது என்று தினம் ஒரு புகார்.

காமரா உள் மட்டும் பாக்கி. இரண்டு கண்ணாடி ஓடு மிச்சம் இருக்கிறது, மேஸ்திரி ஆடி கழித்து வருகிறேன் என்றார். அத்தையிடம் சொன்னேன்.

"அதை விட்டுடு. மத்தியானம் படுக்கறதுக்கு ஒரு இருட்டு வேணும்ல?"