வலைக் கொட்டகை காளான் அறையாகிறது: தேவிபட்டினத்திலிருந்து

ஏசி இல்லாமல் காளான் அறை போட முடியாது என்று பலர் சொன்னார்கள். எந்தக் காளான் என்று முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மொட்டுக் காளான் மொட்டு விட 14 முதல் 18 டிகிரி வேண்டும்; கடலோர ராமநாதபுரத்தில் அந்த ஆசையை விட்டுவிடலாம். சிப்பிக் காளானுக்கு 25 டிகிரி பக்கம் இருந்தால் போதும், ஆனால் இங்கே அது மார்கழி, தையில்தான் ஒழுங்காக வரும். பால் காளான் மட்டும் 30, 35 டிகிரியிலும் சளைக்காமல் வளரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்று வெளியிட்ட ரகம் அது. எங்கள் ஊருக்கென்றே செய்தது போல எனக்குப் பட்டது.

இடம், வீட்டுக்குப் பின்னால் அப்பா வலையும் எஞ்சின் சாமானும் போட்டு வைத்திருந்த கொட்டகை. பதினாறுக்குப் பத்து அடி. செங்கல் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். டீசல் கறை படிந்த மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மணல் பரப்பி, சிமெண்ட் தளம் போட்டு ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்தோம். சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு. பெயிண்ட் அடித்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார் கொத்தனார். பூஞ்சை ஏறாமல் இருக்கச் சுண்ணாம்புதான் எனக்கு வேண்டும், ஆகவே விட்டுக்கொடுக்கவில்லை.

வெயில் இறங்குவது கூரை வழியாகத்தான். ஷீட்டுக்கு மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, பனங்கை சட்டம் கட்டி, பனை ஓலை வேய்ந்தோம். ஓலை வெயிலை வாங்கிக்கொள்கிறது. இடையில் காற்று ஓடுவதால் ஷீட் சுடுவதில்லை. உள்ளே ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல், அதற்குக் கீழே நீலச் சில்பாலின் விரிப்பு. மின்சாரச் செலவே இல்லாத இந்த வேலைதான் நடுப்பகல் சூட்டைப் பெருமளவு குறைத்தது. குளிரூட்டும் சாதனம் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கூரைக்குச் செலவழிக்க வேண்டும்.

அப்புறம் ஈரப்பதம். பால் காளானுக்கு 80, 85 சதவீதமாவது இருக்க வேண்டும். கடற்கரைதானே, ஈரத்துக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் தேவிபட்டினம் பாக் விரிகுடா பக்கம் இருப்பதால், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எங்களுக்கு நிலத்தைக் கடந்து, காய்ந்து, சுட்டுக்கொண்டு வருகிறது. வெளியே 36 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம் என்று இருக்கிற மத்தியானத்தில், நீர் ஆவியாவதாலேயே காற்றை 26, 27 வரைக்கும் இறக்கலாம். அதனால் மேற்குச் சன்னலில் ஈரச் சாக்கு, உள்ளே புகைமூட்டம் போலத் தூவும் ஃபாகர், கிழக்குச் சுவரின் அடியில் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று வைத்தோம். அறை 30க்குக் கீழே நிற்கிறது. காற்று கடல் பக்கமிருந்து வீசி ஈரம் 80 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் இந்த வித்தை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறைக்காது. அந்த நாட்களில் ஃபாகரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுகிறேன்.

ஏசியை ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அறையின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். நாம் ஃபாகர் போட்டு அதைத் திரும்ப நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கரண்ட் பில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. போதாததற்கு உப்புக் காற்று வெளி யூனிட்டின் காயிலை அரித்துவிடும்.

உப்பு எல்லா இடத்திலும் நுழைகிறது. போர் தண்ணீரை ஃபாகரில் விட்டால் நாசில் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அதனால் காவிரித் தண்ணீரும் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீரும்தான். இரும்பு ஆங்கிள் ரேக் துருப் பிடிக்கும் என்று பிவிசி பைப்பில் சட்டம் செய்து, தட்டுக்குப் பதிலாக அப்பாவின் பழைய நைலான் வலையை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து இழுத்துக் கட்டினோம். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. "வலை இப்ப காளான் பிடிக்குது" என்று அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஈரப்பதம் பார்த்து ஃபாகரை ஓடவும் நிற்கவும் வைக்கும் கண்ட்ரோலரை மச்சான் மாட்டிக் கொடுத்தார். அதன் சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க உப்பே உதவியது. ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள் சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்து, சென்சாரையும் உப்பில் படாமல் உள்ளே வைத்து, ராத்திரி முழுக்க விட்டால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் வேறு எண் காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஈர அறையில் சென்சார்கள் மெல்ல மெல்லப் பிசகும், அதனால் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

படுக்கை போடுவது எல்லோரும் செய்வதுதான்: திருவாடானைப் பக்கத்து வைக்கோல், இரண்டு அங்குலத் துண்டுகள், ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் காளான் விதையோடு பையில் அடுக்குவது. இரண்டு வாரத்தில் பை முழுக்கக் காளான் இழை வெள்ளையாக ஓடிவிடும். பையைப் பாதியாக அறுத்து, மேலே மண் போட வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். எங்கள் தோட்டத்து மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது. கடல் மணல் பேச்சே வேண்டாம். கண்மாய் வண்டலும் ஆற்று மணலும் கலந்து, கால்சியம் கார்பனேட் சேர்த்து, கார அமிலத்தன்மை 8, 8.5க்குக் கொண்டு வந்து, ஆவியில் வேகவைத்து ஆறிய பிறகு விரல் கனத்துக்குப் போடுகிறோம். பத்து நாள் சுமாருக்கு ஊசித் தலை போல மொட்டு வருகிறது, அடுத்த வாரத்தில் அறுவடை.

முதலில் வந்த காளான்கள் தண்டு நீண்டு, குடை சிறுத்து நின்றன. காளானும் மூச்சு விடும். அந்தக் கரியமில வாயு அறையில் தேங்கினால் இப்படித்தான் ஆகும். வெளிச்சம் குறைந்தாலும் தண்டு நீளும். ஃபேனை மணிக்கு ஐந்து நிமிடம் கட்டாயம் ஓடும்படி டைமர் வைத்து, பகலில் டியூப் லைட்டும் எரிய விட்டோம். அடுத்த படுக்கைகளில் குடை அகன்று, கனத்து, பால் வெள்ளையாக வந்தது. அறுத்த ஒரு காளானைக் கையில் வாங்கிப் பார்த்தபோது இந்த அறைமேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

இப்போது மிச்சம் இருப்பது இரண்டு வேலை. காளான் ஈ உள்ளே வராமல் ஃபேன் வாய்க்கும் சன்னலுக்கும் இன்னும் நெருக்கமான வலை மாட்ட வேண்டும். அதுவரை மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்குகிறது. ஐப்பசி மழையில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கக் கூடாது, அதனால் அதை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்க மச்சான் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.