முதலில் புலப்படம், பிறகு மட்டக் குழாய், கடைசியில்தான் கலவை

கிராமத்தில் ஒரு சிமென்ட் தெரு கெட்டுப்போனால் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மூட்டை போட்டான்?" என்பதுதான். மூட்டை குறைவது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மூட்டைக் கணக்கு சரியாக இருந்த தெருக்களும் இரண்டு மழைக்காலத்துக்குள் குட்டையாகி நிற்கின்றன. தெருவின் அகலத்தைக் காகிதத்தில் பார்க்காமல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தரையில் பார்க்காமல் கலவை மெஷினை இறக்கியிருப்பார்கள். ஊராட்சி வேலைகளில் தகராறு வருவதெல்லாம் பெரும்பாலும் கலவைக்கு முந்தைய இந்த இரண்டு வேலைகளில்தான்.

காகிதத்தில் ஆரம்பிக்கலாம். கிராம சபைத் தீர்மானத்தில் "மேலத்தெருவுக்கு சிமென்ட் சாலை" என்று ஒரு வரி இருக்கும். எந்த சர்வே எண், எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர் என்பது இருக்காது. தெரு நத்தத்துக்குள், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்துக்குள் இருந்தால், சர்வே எண்களின் எல்லையைக் காட்டும் கிராமப் புலப்படத்தில் நத்தத்தின் வெளிக்கோடு மட்டும்தான் தெரியும். உள்ளே தெரு எவ்வளவு அகலம் என்பதற்கு நத்தம் நில அளவையில் தயாரித்த வரைபடத்தைத்தான் வி.ஏ.ஓ.விடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டுப் பார்க்க வேண்டும். பல ஓவர்சியர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். இரு பக்கத்துப் படிக்கட்டுகளுக்கும் இடையே டேப் பிடித்து, 3 மீட்டர் என்று எஸ்டிமேட் போட்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் அதே தெரு 4.5 மீட்டராக இருக்கும். மீதி ஒன்றரை மீட்டர் திண்ணையாகவும் படியாகவும் குளியலறைச் சுவராகவும் மாறிப் பல வருடம் ஆகியிருக்கும்.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. 3 மீட்டருக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால், அன்றிலிருந்து கான்கிரீட்டின் ஓரமே எல்லைக் கல் ஆகிவிடும். அதற்கு அப்பால் இருப்பது "எங்கள் இடம்" என்று அடுத்த தலைமுறை நம்பும். வடிகாலுக்கு இடம் கேட்டுப் போகும்போது, "கவர்மென்ட்டே இதுவரைக்கும்தானே ரோடு போட்டுச்சு" என்பார்கள். ஆக்கிரமிப்பை அன்றைக்கே எடுக்க முடியாமல் போகலாம். ஆனால் எஸ்டிமேட்டோடு சேர்க்கும் வரைபடத்தில் பதிவேட்டு அகலத்தையும் களத்தில் கிடைத்த அகலத்தையும் தனித்தனியாகக் குறித்து வைக்க எந்தத் தடையும் இல்லை.

பாதை பட்டா நிலத்தில் போவது இன்னொரு வம்பு. அனுபவத்தில் ஐம்பது வருடமாக வண்டி போன பாதை. நிலத்துக்காரர் பெரியவர், "தாராளமா போட்டுக்கோங்க" என்று வாய்வார்த்தை சொல்லியிருப்பார். ஜல்லி இறங்கியதும் அவருடைய மகன் ஸ்டே வாங்கி வருவார். அந்தத் துண்டை ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதி வாங்கி, சர்வே எண்ணில் தனி உட்பிரிவும் செய்த பிறகுதான் அரசுப் பணத்தை அங்கே இறக்க வேண்டும். ஊரின் நிலங்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் வண்டிப்பாதையே காணோம் என்றால் உடனே கைவிட்டுவிடவும் வேண்டாம். இன்றைய பதிவுகளுக்கு அடிப்படையான யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாடு) வேலையில் தவறிப்போன பாதைகளும் ஓடைகளும் ஏராளம். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் "வண்டிப்பாதை" என்று தெளிவாக எழுதியிருப்பதும் உண்டு.

அடுத்தது மட்டம். ஆட்டோ லெவல் கருவி எல்லா ஒன்றியத்திலும் கைக்குக் கிடைக்காது. தேவையும் இல்லை. பதினைந்து மீட்டர் நிறமில்லாத பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் ஒரு காவிக்கட்டியும் போதும். குழாயில் தண்ணீர் நிரப்பும்போது காற்றுக் குமிழ் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் அளவு பொய் சொல்லும். தெருமுனையில் ஒரு சுவரில் கோடு போட்டு, அதே மட்டத்தைப் பத்து மீட்டருக்கு ஒருமுறை வீட்டுச் சுவர்களில் மாற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு ஒவ்வொரு கோட்டிலிருந்தும் இரண்டு அளவுகள்: கீழே தரை எவ்வளவு, வாசற்படி எவ்வளவு. நூறு மீட்டர் தெருவுக்கு இரண்டு ஆள், ஒரு காலை. இதைச் செய்யாமல் விட்டதால் வரும் மனுக்களைப் படிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

இந்த அளவுகளில் முக்கியமானது ஆகத் தாழ்ந்த வாசற்படிதான். பெரும்பாலும் அது தெருவிலேயே பழைய ஓட்டு வீடாக இருக்கும். புதுச் சாலையின் மேல்மட்டம் அந்தப் படிக்கு அரையடியாவது கீழே இருக்க வேண்டும். பழைய கான்கிரீட்டின் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு தடவையும் 15 செ.மீ. ஏறும், இரண்டு தடவையில் ஒரு அடி. மாடி வீடு தாங்கிக்கொள்ளும். ஓட்டு வீட்டுக்குள் தெருத் தண்ணீர் போகும். பழையதைப் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எஸ்டிமேட்டில் பெயர்க்கவும் இடிபாட்டை அப்புறப்படுத்தவும் ஒரு இனம் சேர்க்காததால்தான் யாரும் பெயர்ப்பதில்லை.

வடிகாலிலும் இதே கணக்குதான். 200-க்கு 1 சரிவு என்றால் நூறு மீட்டருக்கு 50 செ.மீ. இறங்க வேண்டும். தெரு தானாக இறங்காமல் சமமாக இருந்தால், ஆரம்பத்தில் 30 செ.மீ. ஆழமுள்ள வடிகால் கடைசியில் 80 செ.மீ. ஆழத்தில் போய் நிற்கும். அங்கே அதை வாங்கிக்கொள்ள ஓடையோ வாய்க்காலோ அதற்கும் கீழே இருக்கிறதா? இதைப் பார்க்காமல், நிதி எவ்வளவு வந்ததோ அவ்வளவு நீளத்துக்கு வடிகாலைக் கட்டி நடுத்தெருவில் முடித்துவைக்கிற பழக்கம் இருக்கிறது. அது வடிகால் அல்ல, கொசுத் தொட்டி. வடிகாலை எப்போதும் கடைசி முனையிலிருந்து தெருவுக்குள் வரும்படி கட்ட வேண்டும். பணம் பாதியில் தீர்ந்தாலும் கட்டிய பாதி வேலை செய்யும். மூடு பலகை போடுவதாக இருந்தால் எடையையும் யோசிக்க வேண்டும். 60-க்கு 60 செ.மீ., பத்து செ.மீ. கனம் என்றால் ஒரு பலகை ஏறத்தாழ 86 கிலோ. தூக்குவதற்குக் கம்பிக் கொக்கி வைக்காவிட்டால் தூய்மைக் காவலர் அதைத் தொடவே மாட்டார், உள்ளே மண் சேர்ந்துகொண்டே போகும்.

இனி கலவை. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம் என்றால் 45 கன மீட்டர். 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 360 மூட்டை சிமென்ட். எம்-சாண்ட் ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவும், 20 மி.மீ. ஜல்லி பதின்மூன்றரை யூனிட்டும் வேண்டும். யூனிட் என்பது நூறு கன அடி. ஊர்க்காரர்கள் காலி மூட்டையை எண்ணுவது நல்ல பழக்கம்தான், ஆனால் மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தும் கான்கிரீட் பலமில்லாமல் போவது இரண்டு இடத்தில். ஒன்று, சட்டிக் கணக்கு. காலையில் தட்டையாக அள்ளும் சட்டி மதியத்துக்கு மேல் கூம்பாகிவிடும். இதற்குப் பெட்டி அளவுதான் மருந்து: 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரம் கொண்ட பெட்டி 35 லிட்டர் பிடிக்கும், அதாவது ஒரு மூட்டை சிமென்ட்டின் கொள்ளளவு. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. இரண்டாவது தண்ணீர். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. மெஷின் பக்கத்தில் ஓஸ் பைப் கிடந்தால் அளவு போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பக்கெட்டை வைத்துவிட வேண்டும். கலவை குழம்பு மாதிரி ஓடினால் பரப்புவது சுலபம், வைப்ரேட்டர் வாடகையும் மிச்சம். ஆறு மாதத்தில், மேலே மிதந்து உறைந்த சிமென்ட் பால் உரிந்து ஜல்லி பல்லைக் காட்டும்.

மூன்று மீட்டர் தெருவுக்கு நடுவில் மேடு வைத்து இரண்டு பக்கமும் சரிப்பதைவிட, ஒரே பக்கமாகச் சரித்து அந்தப் பக்கம் மட்டும் வடிகால் கட்டுவது நல்லது. 50-க்கு 1 என்றால் 6 செ.மீ. வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

கான்கிரீட் சுருங்கும்போது வெடிக்கத்தான் செய்யும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். நான்கு மீட்டருக்கு ஒரு இடத்தில், கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, அதாவது 5 செ.மீ., கட்டர் வைத்து வெட்டிவிட வேண்டும். அதுவும் மறுநாள் காலைக்குள். "கட்டர் வர ரெண்டு நாள் ஆகும்" என்று விட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்குக் கோணலாக வெடித்துக்கொள்ளும். பிறகு வெட்டுவது போட்டோவுக்குத்தான். நீராற்றுவது குறைந்தது 14 நாள், பாத்தி கட்டி. 300 சதுர மீட்டரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க ஒரு நிரப்புக்கு 7,500 லிட்டர், அதாவது டிராக்டர் டேங்கர் ஒன்றரை. வெயில் காலத்தில் ஊரிலேயே குடத்துக்குச் சண்டை நடக்கும்போது இந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒப்பந்ததாரரிடம் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

குழாய் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு இணைப்பு, ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது நோக்கம். நல்ல திட்டம். ஆனால் போட்டு ஒரு வருடம் ஆகாத சாலைகளைக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போன தெருக்கள் எத்தனையோ. கான்கிரீட் போடும் முன்பே இரண்டு மூன்று வீட்டுக்கு ஒன்றாக 110 மி.மீ. பி.வி.சி. குழாயைத் தெருவுக்குக் குறுக்கே வெறுமனே புதைத்து, இரு முனையும் மூடி, சுவரில் ஒரு அடையாளம் வைத்துவிட்டால் எதிர்காலத்தில் எந்தக் குழாயும் அதற்குள் போய்விடும். சேர்த்து ஆகும் செலவு மொத்த வேலையில் மிகச் சிறிது. இந்தக் குழாய், அடித்தளம் போன்ற மறையும் வேலைகளை மூடுவதற்கு முன்பே அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏற்ற வேண்டும். மூடிய பிறகு எழுதினால், தணிக்கையில் அது நடக்காத வேலைதான்.

இவ்வளவும் செய்தும் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? அப்படியானால் தெருவை விட்டு வெளியே வந்து, ஊர் எல்லையில் புதிதாக முளைத்த மனைப்பிரிவைப் பாருங்கள்.

கிராமங்களில் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விற்ற மனைகளின் கதை தெரிந்ததுதான். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி இல்லாமல் தலைவர் முத்திரை மட்டும் குத்திய வரைபடம் அங்கீகாரம் ஆகாது. 20.10.2016 வரை விற்ற அனுமதியற்ற மனைகளுக்கு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. விவசாய நிலத்தை மனையாக்க நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் அதே வருடம் தனி விதிகள் வந்தன. காகிதம் ஒழுங்கானாலும் தரை ஒழுங்காகவில்லை. வரன்முறையான பழைய மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வடிகால் கிடையாது. கிராவல் கொட்டி இரண்டு அடி உயர்த்தியிருப்பார்கள். அதுவரை வயல் வழியாகப் பரவி ஓடைக்குப் போன ஊர்த் தண்ணீர் அந்த மேட்டில் முட்டி மேலத்தெருவுக்கே திரும்புகிறது. சாலை வேலையில் பிழையே இல்லை. மட்டம் மாறியது வேறொருவர் நிலத்தில்.

அதனால் புது மனைப்பிரிவுக் கோப்பு ஊராட்சிக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது மனைகளின் எண்ணிக்கையை அல்ல, புலப்படத்தில் அந்த சர்வே எண்களின் ஓரமாக ஓடும் வாய்க்கால் கோட்டை. அதன் குறுக்கே நுழைவுச் சாலை வருகிறதென்றால் எத்தனை அங்குலக் குழாய் வைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றை வைத்து மண் போட்டிருப்பார்கள். முதல் மழையில் சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும். 600 மி.மீ. ஹியூம் பைப்புக்குக் குறைந்தால் உள்ளே தூர்வாருவது கஷ்டம்.

இன்னொன்று பூங்கா இடம். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தர வேண்டும். 12,000 சதுர மீட்டரில் சாலை 3,000 போனால் மீதி 9,000. ஒதுக்கீடு 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட். வரைபடத்தில் அது பெரும்பாலும் கடைசி மூலையில், ஆகப் பள்ளமான இடத்தில், ஒரு நீண்ட கோவணத் துண்டாக இருக்கும். மேடான சதுரமான இடமாகக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். தானப் பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று கோப்பைக் கட்டிவைப்பது அடுத்த தவறு. பத்திரம் ஊராட்சி அலுவலகத்தில், பட்டா பழைய உரிமையாளர் பெயரில் என்று பத்து வருடம் கிடந்தால் அந்த 22 சென்ட் மறுபடி மனையாக விலைக்கு வரும். பதிவான அதே வாரம் சாலைகளுக்கும் பூங்காவுக்கும் உட்பிரிவு மனு கொடுத்து, சர்வேயர் வந்து நான்கு மூலையிலும் கல் நடும்போது ஊராட்சிச் செயலர் கூட நின்று, கல்லில் உட்பிரிவு எண்ணைப் பெயின்டில் எழுதி, சொத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். கல் நட்ட அன்றே மட்டக் குழாயையும் எடுத்துப் போனால், அந்த இடம் மேலத்தெருவைவிட உயரமா பள்ளமா என்பதும் தெரிந்துவிடும்.