சேராத பிள்ளைக்கும் ஃப்ரட்டர்னிட்டி உண்டு

நியூஜெர்சியில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் தரவரிசை, கட்டணம், கடன் இவைதான் பேச்சு. ஃப்ரட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கங்கள் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நம் பிள்ளைகள் அதிலெல்லாம் சேரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் சில ஊர்களில் கல்லூரி தவிர வேறொன்றும் கிடையாது. அங்கே வார இறுதி முழுக்க அந்தச் சங்கங்களின் கையில்தான் இருக்கும். சேராத பிள்ளைக்கு அங்கே என்ன வாழ்க்கை என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் இவை. பல சங்கங்களுக்குச் சொந்த வீடு உண்டு. சேர விரும்புகிறவர் சில வாரங்கள் 'பிளெட்ஜ்' ஆக இருக்க வேண்டும். ஹேசிங் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் நடக்கிறது. நம் ஊர் ராகிங்தான் அது. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், அடுத்த வருடம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. இங்கே எங்கள் மாநிலத்துப் பையன் டிமதி பியாட்ஸா, 19 வயது, 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இறந்தான். சங்கத்தில் சேர்ந்த முதல் இரவே குடிக்க வைத்தார்கள். படியில் விழுந்தான். மறுநாள் காலைவரை, ஏறக்குறைய 12 மணி நேரம், ஒருவரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. எனக்கு நெஞ்சு பதறுவது அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நினைத்துத்தான்.

எல்லாச் சங்கத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908-இல் கறுப்பின மாணவிகள் தொடங்கியது. அந்த உறவு ஆயுசு முழுக்க அவர்களுக்குத் துணை நிற்கிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை இணையத்தில் போடுகின்றன. அதில் எஃப் பகுதியில் எத்தனை சதவீத மாணவர்கள் இந்தச் சங்கங்களில் இருக்கிறார்கள் என்று தெரியும். அலபாமா பல்கலைக்கழகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஹியூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஃப்ரட்டர்னிட்டியே கிடையாது. 2024 டிசம்பரில் வந்த மத்திய சட்டத்தின்படி, ஹேசிங் செய்ததாக உறுதியான சங்கங்களின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். பணம் கட்டுமுன் அதையும் படித்துவிடுங்கள்.

கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போனால், காலையில் வழிகாட்டி நூலகத்தையும் ஆய்வகத்தையும் காட்டுவார். சாயந்திரம்வரை இருந்து சங்க வீடுகள் உள்ள தெருவில் நடந்து பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியில் அப்படி நடந்தோம். வாசல் திண்ணையில் பழைய சோபா, புல்வெளியெங்கும் நசுங்கிய சிவப்பு பிளாஸ்டிக் கோப்பைகள், வாரநாளிலேயே ஜன்னல் அதிரும் பாட்டு. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் என் மகன் ஒரு மாணவனிடம், "வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான். "எந்த வீட்ல பார்ட்டியோ அங்க போவோம், உள்ளே விட்டாங்கன்னா" என்றான் அவன். வேறொரு கல்லூரியில் அதே கேள்விக்கு ரோபாட்டிக்ஸ், நாடக ஒத்திகை, நண்பர்களோடு சமையல் என்று பதில் வந்தது. அங்கேயும் ஃப்ரட்டர்னிட்டி உண்டு.

முதல் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள் மனைவி. "கோர்ஸ் நல்லா இருக்குப்பா" என்றான் மகன். அதில் நியாயம் இருந்ததால் விட்டுவைத்தோம். ஆனால் இரண்டு விஷயம் பேசி முடிவு செய்தோம். எங்கே போனாலும் முதல் வருடம் எந்தச் சங்கத்திலும் சேரக் கூடாது. நண்பர்கள் யார் என்று தெரிந்த பிறகு அவன் விருப்பம். அப்புறம், யாராவது குடித்து மயங்கிக் கிடந்தால், தானே குடித்திருந்தாலும், குடிக்க இங்கே சட்டம் சொல்லும் 21 வயது ஆகவில்லையே என்று பயப்படாமல் உடனே அவசர எண் 911-ஐ அழைக்க வேண்டும். அப்படி அழைப்பவரைத் தண்டிக்காத விதி பல கல்லூரிகளில் உண்டு. அவன் சேரப்போகும் கல்லூரியில் அந்த விதி எழுத்தில் இருக்கிறதா என்று இப்போது அவனே தேடிக்கொண்டிருக்கிறான்.