ஷெட்யூலிங் அக்ரிமென்ட்: சேவ் ஆனதும் வேலை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். லேடெக்ஸுக்கு (ரப்பர் பால்) லோடு லோடாக பி.ஓ. (கொள்முதல் ஆணை) போட்டு அலுத்துப்போய், எங்கள் கம்பெனி மென்பொருளான எஸ்.ஏ.பி.யில் ஷெட்யூலிங் அக்ரிமென்ட்டுக்கு மாறினோம். ஒரே ஒப்பந்தத்தின் கீழ், எந்தத் தேதிக்கு எவ்வளவு வேண்டும் என்ற ஷெட்யூலை மட்டும் அவ்வப்போது கொடுக்கும் முறை அது. இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் நடுவில் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

எம்இ31எல் என்ற திரைக்குப் போய் அக்ரிமென்ட் போடுவது பெரிய வித்தை இல்லை. சப்ளையர், மெட்டீரியல், டார்கெட் அளவு, முடியும் தேதி, விலை, அவ்வளவுதான். வில்லங்கம் முதல் திரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. டாக்குமென்ட் டைப் எல்பியா, எல்பிஏவா? எல்பியில் ஷெட்யூலைத் திருத்தினால் திருத்தியதுதான் நிற்கும். சப்ளையருக்கு எந்தத் தேதியில் என்ன அளவு சொன்னோம் என்ற ரிலீஸ் (சப்ளையருக்கு அனுப்பும் ஷெட்யூல்) கணக்கு இருக்காது. எல்பிஏவில் ரிலீஸ் போட்டால்தான் வெளியே போகும், போன ஒவ்வொன்றும் எண்ணோடு பதிவாகும்.

லேடெக்ஸ் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லாமல் ஆகாது. ஜூனில் மழை பிடித்தால் மழைக்காப்பு போடாத தோட்டங்களில் பால்வெட்டு நின்றுவிடும். ஐப்பசியில் மறுபடியும் மழை. மாசி பங்குனியில் இலையுதிர்ந்து பால் குறையும். வருடம் முழுக்க அளவை மாற்றிக்கொண்டே இருப்போம். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதில்தான் சண்டையே வரும்.

இதையெல்லாம் எஸ்.ஏ.பி.யை அமைத்துத் தந்த கன்சல்டன்டிடம் முதல் கூட்டத்திலேயே சொன்னோம். தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் எல்பியில் போட்டுவைத்துவிட்டார். கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். மாற்ற முடியாது. சேவ் ஆன அக்ரிமென்ட்டின் டைப் அப்படியேதான் இருக்கும். பழையவற்றில் மிச்சம் இருந்த ஷெட்யூல் வரிகளை (ஒரு தேதிக்கு ஒரு அளவு என்று வரும் வரிகள்) எல்லாம் பார்த்து மூடிவிட்டு, ஒவ்வொரு சப்ளையருக்கும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. முதல் அக்ரிமென்ட்டை சேவ் செய்யும்போது பக்கத்திலேயே நின்று டைப்பைக் கண்ணால் பாருங்கள்.

சரி, புதிதாகப் போட்டாயிற்று. மறுநாள் காலையில் எம்.ஆர்.பி. (எந்தச் சரக்கு எப்போது எவ்வளவு தேவை என்று சிஸ்டம் போடும் கணக்கு) ஓடி முடிந்ததும் பார்த்தால், ஷெட்யூல் வரி ஒன்றுகூட இல்லை, பழையபடி பி.ஆர். (கொள்முதல் கோரிக்கை) வரிசையாக நிற்கிறது. ஹெல்ப்டெஸ்க்கில் டிக்கெட் போட்டேன். எதையும் தொடாமலே 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார்கள். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். கடைசியில் எங்கள் ஸ்டோர்ஸ் பையன்தான் கண்டுபிடித்தான். எம்இ01 சோர்ஸ் லிஸ்ட்டில் (எந்தச் சரக்கை யாரிடம் வாங்குவது என்ற பட்டியல்) எம்.ஆர்.பி. கட்டம் காலியாகக் கிடந்தது. அங்கே 2 இருந்தால்தான் வரிகள் தானாக உருவாகும்; 1 போட்டால் போதாது. எம்.ஆர்.பி.யை எம்டி02 திரையில் ஓட்டும்போது டெலிவரி ஷெட்யூல் கட்டத்தில் 3 இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்களுடையது எஸ்.ஏ.பி.யின் பழைய பதிப்பான ஈசிசி. புதிய பதிப்பான எஸ்4 ஹானாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, சோர்ஸ் லிஸ்ட் இல்லாமலே அக்ரிமென்ட்டை எடுத்துக்கொள்ளும்.

வரிகள் வந்தன. அளவு 1,873 கிலோ! எங்களுக்கு லேடெக்ஸ் வருவது 205 கிலோ டிரம்மில். ஒன்பது டிரம்முக்கு மேலே 28 கிலோவை யார் அளந்து தருவார்கள்? மெட்டீரியல் மாஸ்டரில் எம்.ஆர்.பி. 1 பக்கத்தில் ரவுண்டிங் அளவாக 205 போட்டதும் அதே தேவை 2,050 கிலோ, முழுசாகப் பத்து டிரம் என்று வந்தது. சின்ன விஷயம்தான், ஆனால் அன்றைக்கு மனசு நிறைந்துபோனது.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. ஒரு வாரமாகியும் லோடு வரவில்லை. அருமனைக்காரர் ஒருவர்தான் எங்கள் பெரிய சப்ளையர். போன் போட்டால், "மக்களே, எனக்க கையில ஒரு தாளும் வரேல்லியே. எத்தன டிரம்மு, என்னைக்கு வேணும்னு சொன்னாத்தானே நான் வண்டி பிடிக்க முடியும்?" என்கிறார். அவர் கேட்டது நியாயம். எல்பிஏவில் ஷெட்யூல் வரி இருந்தால் மட்டும் போதாது. எம்இ84இல் ரிலீஸ் உருவாக்கி, எம்இ9இயில் அனுப்ப வேண்டும். இரண்டையும் தினமும் தானாக ஓடும் ஜாபில் போடுவதாகச் சொன்னவர்கள் போடவே இல்லை. அது சரியாகும்வரை நானே கையால் ஓட்டி, தாளை அச்செடுத்து பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஃபர்ம் ஜோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றிலிருந்து இத்தனை நாளுக்கான அளவு உறுதி என்று வைப்பதுதான் அது. அந்த நாட்களுக்குள் வரும் அளவை ரத்து செய்தால் சப்ளையருக்கு ஆன செலவுக்கு நாம் பொறுப்பு. எத்தனை நாள் என்பதை சப்ளையரோடு உட்கார்ந்து பேசி எழுதி வாங்கிய பிறகே திரையில் போடுங்கள்.

கடைசியாக வந்தது, யாரும் யோசிக்காத காலண்டர். கன்சல்டன்ட் ஏற்றியது தமிழ்நாடு அரசு விடுமுறைப் பட்டியல். எங்கள் மாவட்டத்துக்கென்று உள்ளூர் விடுமுறைகள் உண்டு. 1956இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, அய்யா வைகுண்டர் அவதார தினமான மாசி 20. எங்கள் ஆலைக்கும் அன்று லீவு. சிஸ்டத்துக்கு அது தெரியாது. டிசம்பர் 3 என்று தேதி போட்டு ரிலீஸ் போயிருக்கிறது. அருமனைக்காரரும் சொன்னபடி லோடு ஏற்றிவிட்டார். பூட்டிய கேட்டுக்கு வெளியே டிரைவர் சாயங்காலம்வரை காத்துக்கிடந்தார். வண்டிக் காத்திருப்புக் கூலியை எங்கள் ஆலையே கொடுக்கும்படி பேசி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அந்த மூன்று நாளும் ஃபேக்டரி காலண்டரில் ஏறிவிட்டன. மாசி 20க்கு ஆங்கிலத் தேதி எல்லா வருடமும் ஒன்றாக வராது; அதனால் புது வருட காலண்டரை ஏற்றுவதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அருமனைக்காரர் இப்போதெல்லாம் ரிலீஸ் எண்ணைச் சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறார்.