பழைய பிஎச்பி திட்டத்துக்குள் எலோக்வென்ட்

பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் வெறும் பிஎச்பி மென்பொருளைத் தூக்கிப்போட்டுவிட்டு லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் புதிதாக எழுத நிறுவனங்கள் எளிதில் சம்மதிப்பதில்லை. அதில் நியாயம் இருப்பதாகவே கருதுகிறேன். பயனர்கள் கேட்டுக் கேட்டுச் சேர்த்த விதிவிலக்குகள் பலவும் அந்தப் பழைய நிரலில் மட்டுமே இருக்கின்றன. லாரவெலை முழுதாக நிறுவாமலேயே அதன் தரவுத்தளப் பகுதியை மட்டும் கம்போஸர் என்ற தொகுப்பு நிறுவி வழியாகக் கொண்டுவந்து, அதிலுள்ள கேப்ஸ்யூல் மேனேஜர் என்ற கிளாஸிடம் இணைப்பு விவரங்களைக் கொடுத்து அதன் பூட்எலோக்வென்ட் ஃபங்ஷனை அழைத்தால், அட்டவணைகளை பிஎச்பி ஆப்ஜெக்ட்களாகக் கையாள உதவும் எலோக்வென்ட் இயங்கத் தொடங்கிவிடும். பழைய அட்டவணைகளில் உருவாக்கிய நேரம், திருத்திய நேரம் ஆகிய புலங்கள் பெரும்பாலும் இருக்காது என்பதால், மாடலில் (ஓர் அட்டவணைக்கான எலோக்வென்ட் கிளாஸில்) அந்த நேரங்களைத் தானாகப் பதியும் டைம்ஸ்டாம்ப்ஸை அணைத்துவிட வேண்டும்.

இதுவரை எளிது. உண்மையான சிக்கல் தரவுத்தள கனெக்‌ஷனில்தான் இருக்கிறது. பழைய நிரல் மைஎஸ்க்யூஎல்ஐ மூலமும் எலோக்வென்ட் பிடிஓ மூலமும் (இரண்டும் தரவுத்தளத்துடன் இணைக்கும் பிஎச்பி நீட்சிகள்) இணைவதால், ஒரே பக்கத்துக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு கனெக்‌ஷன்கள் திறந்திருக்கும். பழைய நிரல், பல மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்து முடிக்கும் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி ஒரு பொருளின் இருப்பைக் குறைத்திருக்க, அது முடியும் வரை பூட்டியிருக்கும் அதே பதிவை எலோக்வென்ட் திருத்த முயன்றால், பக்கம் தன் பூட்டுக்குத் தானே காத்து நிற்கும். அந்தச் சுழலின் ஒரு பாதி பிஎச்பிக்குள் இருப்பதால் மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அதை டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை) என்று கண்டுகொள்ளாது. இயல்பான அமைப்பின்படி 50 வினாடிகள் கழித்து பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது என்னும் 1205 பிழையைத்தான் தரும். வினவல் மெதுவாக இருப்பதாக நினைத்து இண்டெக்ஸைத் தேடிப் போவதில் பயனில்லை.

ஆகவே எந்த மாடலையும் எழுதுவதற்கு முன், பழைய வினவல் ஃபங்ஷன்களின் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மட்டும் கேப்ஸ்யூலின் கனெக்‌ஷனைப் பயன்படுத்துமாறு மாற்றுவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும் பழைய ஃபங்ஷனும் கேப்ஸ்யூல் வழியாகவே செல்ல வேண்டும். அப்போதுதான் உள்ளே இன்னொரு டிரான்சாக்‌ஷன் வந்தாலும் லாரவெல் அதை சேவ்பாயிண்ட்டாக (இடையில் திரும்பிச் செல்லக்கூடிய குறியிடமாக) வைத்துக்கொள்ளும்.

ஃபங்ஷன் பெயர்களையும் பார்த்துக்கொள்வது நல்லது. லாரவெலும் வரையறுக்கும் ‘வேல்யூ’, ‘கலெக்ட்’ போன்ற பெயர்களில் பழைய திட்டத்திலேயே ஃபங்ஷன்கள் இருந்து, அவை தொகுப்புகளை ஏற்றும் கம்போஸரின் ஆட்டோலோடுக்குப் பின் வந்தால் நிரல் உடனே நின்றுவிடும். முன்னால் வந்தாலோ லாரவெல் தன்னுடையதை வரையறுக்காமல் பழையதையே அழைக்கும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனெனில் பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே தவறான விடை வரக்கூடும். செஷனையும் ரவுட்டிங்கையும் இந்தக் கட்டத்தில் நான் தொடுவதில்லை.