அக்ரா பயணமும் ஓர் இனிஷியலும்

கானா விசா வந்துவிட்டது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என்னைப் படுத்தி எடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டைதான்.

அக்ராவில், நொகுச்சி நினைவு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வாரப் பயிற்சி. மலேரியாவுக்கு அங்கே நிபிமா என்ற கொடியின் வேரைக் காய்ச்சிக் குடிப்பார்கள். 1975-இல் கானாவின் மாம்பொங் ஊரில் மூலிகை ஆய்வு மையம் தொடங்கிய டாக்டர் ஓகு அம்போஃபோ காலத்திலிருந்தே ஆராயப்படும் வேர். அதன் சாறு பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

ஊசி போடும் இடத்தில் காலை ஏழரைக்கே வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் என் பதிவையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல எஸ்-னு இருக்கு, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு. மாத்திப் பதிஞ்சிட்டு அடுத்த வாரம் வாங்க சார்." பேனாவால் திருத்தக் கூடாதா என்றேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கரைத்த மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். நாளைக்கு வருகிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்த வாரம் போட்டாயிற்று. அப்புறம்தான் உறைத்தது: ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். என் விமானமோ எட்டாம் நாள். டிக்கெட் மாற்ற அழுத பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆகவே, ஊசிக்கு அப்புறம் டிக்கெட் போடுங்கள். அட்டையைப் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். அக்ராவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்டார்கள். திரும்பும்போதும் வேண்டும், இல்லையென்றால் இங்கே ஆறு நாள் வரை தனியே அடைத்துவைப்பார்கள். ஒரே ஆறுதல், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும்.

முதல் நாள் ஆய்வகத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். பக்கத்தில் பெட்ரி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த கானாக்காரர் சிரித்தார். "அந்த மருந்தே எங்கள் ஊர் ரத்தத்திலிருந்து வந்ததுதான்!" உண்மைதான். 1927-இல் மஞ்சள் காய்ச்சல் கண்ட அசிபி என்ற இளைஞரின் ரத்தத்தைக் குரங்குக்கு ஏற்றித்தான் அந்த வைரஸைப் பிரித்தார்கள். இப்போது போடும் 17டி என்ற தடுப்பூசி அதன் வழி வந்தது. அசிபி பிழைத்துக்கொண்டார். மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியாதான் என்று நம்பி வந்த ஜப்பானிய ஆய்வாளர் நொகுச்சி, எங்கள் ஆய்வு நிலையத்தின் பெயருக்குரியவர், 1928 மே மாதம் அக்ராவிலேயே அதே காய்ச்சலில் இறந்துபோனார்.

அந்தக் குரங்கு நம் நாட்டு ரீசஸ் இனம். அதனிடம் யாரும் இனிஷியல் கேட்டிருக்க மாட்டார்கள்.